கீழே இறங்கிப் பார்த்தது

பாலத்தைத் தூரத்தில் நின்று பார்த்தே இன்ன இனம் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு காலத்தில் பெரிய திமிர் இருந்தது. சந்தையில் மாட்டுத் தரகன் பல்லைப் பிடித்துப் பார்க்காமலே வயது சொல்வானே, அந்த மாதிரி. அந்தத் திமிர் வேலூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரித் தெருவில், ஒரே காலைப் பொழுதில், ஊரே பார்க்க இறங்கிப்போயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் முதலில் வெட்கம் வருகிறது. அடுத்த நிமிஷமே அப்பாடா என்று ஒரு நிம்மதி வருகிறது. யோசித்துப் பார்த்தால் நிம்மதிதான் ஜாஸ்தி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. ரோடு, பாலம் பார்க்கிற ஆபீஸில் நான் ஓவர்சியர். மழைக்கு முன்னால் ஆம்பூர் ரோட்டைச் செப்பனிட ஒரு ரோடு இன்ஜின் வரப்போகிறது என்று தகவல் வந்தது. நிலக்கரி போட்டு நீராவியில் ஓடுகிற இன்ஜின். முன்னால் ஒரு பெரிய இரும்பு உருளை, பின்னால் இரண்டு. பத்து டன் பாரம். அது ஊருக்குள் புகுந்து மறுபக்கம் போக வேண்டும். நடுவில் எத்தனை பாலம், ஒவ்வொன்றும் என்ன இனம், எது தாங்கும், எது தாங்காது என்று ஒரு பதிவேடு போடும்படி எனக்கு உத்தரவு.

உத்தரவு போட்டவர் எங்கள் சூப்பர்வைசர். கிறிஸ்தவர், ஒடிசலான ஆள், சைக்கிளில்தான் எங்கேயும் போவார். அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பதிவேட்டின் கட்டங்களை அவரே கோடு போட்டுக் கொடுத்தார். இடம், நீளம், இனம், தாங்குமா என்று வரிசையாகப் போய், கடைசியில் ஒரு கட்டம்: 'கீழே இறங்கிப் பார்த்தது: ஆம் அல்லது இல்லை.'

"மேல நின்னு பார்த்தா எல்லாப் பாலமும் ரோடு மாதிரிதான் தெரியும். எறங்கிப் பார்த்துட்டு எழுதுங்க" என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எனக்கா பாலம் தெரியாது? ஆனாலும் இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்பத்திரண்டு பாலத்தில் நாற்பதுக்கு நிஜமாகவே இறங்கினேன். முள் குத்தியது. ஒரு இடத்தில் சாரைப்பாம்பு என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டு ஓடிற்று. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' என்று அழகாக எழுதினேன்.

மீதி இரண்டுக்கும் 'ஆம்' என்றுதான் எழுதினேன். விஷயமே அதுதான்.

அந்த இரண்டும் ஒரே ஓடையின் மேல் இருந்தவை. ஒன்று டேனரித் தெருவில். இன்னொன்று அதே ஓடையில் கொஞ்சம் கீழே தள்ளி, சுடுகாட்டுக்குப் போகிற பழைய ரோட்டில். அந்த ஓடையில் மழைத் தண்ணீர் வருஷத்தில் சில நாள் ஓடும். மற்ற நாளெல்லாம் டேனரித் தண்ணீர்தான். தோல் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு பக்கம் வெள்ளையாக, ஆவாரம்பட்டைத் தண்ணீர் ஒரு பக்கம் சிவப்பாக, இரண்டும் கலந்து என்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு தண்ணீர். அதில் சதைத் துணுக்கும் ஆட்டு மயிரும் மிதக்கும். நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது.

நான் அங்கே போன நாள் ஆடிப் பரணி. மறுநாள் கிருத்திகை. சாயங்காலம் காவடியோடு திருத்தணிக்கு ரயிலேற வேண்டும். விடியற்காலையிலேயே தலை முழுகி, மஞ்சள் வேட்டி கட்டி, பட்டினியாக இருந்தேன். காவடி எடுக்கிறவன் தோல் தண்ணீரில் காலை வைப்பானா? பாக்கி வேலையைக் கிருத்திகைக்குப் பிறகு வைத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் பதிவேடு அன்றைக்கே சூப்பர்வைசர் மேஜைக்குப் போகவேண்டும் என்று கெடு. அதனால் ஓடைக்கு எட்ட இருந்த மேட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விரதம் ஒரு சாக்கு. விரதம் இல்லாத நாளாக இருந்தாலும் அதில் இறங்கியிருக்க மாட்டேன். அது யாரோ இறங்குகிற தண்ணீர், நான் இறங்குகிற தண்ணீர் இல்லை என்று எனக்குள் ஒரு நினைப்பு. அதை நினைப்பு என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது.

மேட்டிலிருந்து பார்த்தபோது டேனரித் தெருப் பாலம் ஜோராக இருந்தது. அழகான வளைவு. வெள்ளையும் பச்சையும் பூசி, கல் கல்லாகக் கோடு கீறி, உச்சியில் ஒரு பூ வேலை. இனம்: வளைவு. தாங்குமா: தாங்கும். இறங்கிப் பார்த்தது: ஆம். சுடுகாட்டு ரோட்டுப் பாலமும் வளைவு. அதற்கும் ஆம். எழுதி முடித்துவிட்டுத் திருத்தணிக்குப் போய் முருகனைக் கும்பிட்டு மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன்.

புரட்டாசியில் இன்ஜின் வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் ஆம்பூர்ப் பக்கத்து பாய். நாற்பது வயதிருக்கும். கரி படிந்த சட்டை, தலையில் ஒரு குல்லா. இன்ஜினை 'பேகம்' என்று கூப்பிடுவார். பேகத்துக்குத் தண்ணீர் தாகம் ஜாஸ்தி, கோபம் கம்மி என்பார். கூட நிலக்கரி தள்ள ஒரு ஆள். இன்ஜினுக்கு முன்னால் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடக்கவேண்டும் என்பது விதி. அந்த வேலையைக் கூலியாளிடம் கொடுத்திருக்கலாம். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கையில் பதிவேடு, இன்னொரு கையில் கொடி, பின்னால் பத்து டன் இன்ஜின். ஊர் பார்க்கட்டுமே என்று ஒரு ஆசை.

வழக்கம் என்னவென்றால், பாலம் வந்ததும் நான் கொடியைத் தூக்கி நிறுத்துவேன். பதிவேட்டைப் பார்த்து இனத்தைச் சொல்வேன். பிறகு கொடியைச் சுருட்டி ஆட்டினால் பாய் இன்ஜினை ஏற்றுவார்.

"ஓவர்சியர் சார், இது இன்னா பாலம்?" என்று கேட்பார். தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைவிட, என்னைச் சொல்ல வைத்துப் பார்ப்பதில் அவருக்கு ஒரு குஷி.

முதல் பாலம் கடைத்தெருப் பக்கம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மூன்று வளைவு. "வளைவு, பாய். மேல பாரம் ஏற ஏற செங்கல்லு ஒண்ணோட ஒண்ணு இறுகும். நம்பி வாங்க" என்றேன். பேகம் புகை விட்டுக்கொண்டு போயிற்று.

அடுத்தது ஒரு பெரிய வாய்க்காலின் மேல். மேலே பார்த்தால் தட்டை. கீழே போனால்தான் தெரியும், பழைய தண்டவாளங்களை வரிசையாகப் போட்டு, இரண்டிரண்டுக்கும் நடுவில் சின்னச் சின்னச் செங்கல் வளைவு வைத்துக் கட்டியது. நான் இறங்கிப் பார்த்து, தண்டவாளத்தைச் சுரண்டித் துருவைப் பார்த்தவன். அதனால் சத்தமாகச் சொன்னேன். பிறகு ரயில் பாதைக்குக் கீழே போகிற இடம். இரும்பு உத்தரத்தின் மேல் ரயில், அடியில் நாம். "இதுக்கு நான் பயப்பட வேணாம், ரயில்காரன் பயப்படட்டும்" என்று பாய் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு குழாய்ப் பாலம். ரோட்டுக்கு அடியில் ஒரு குழாயைப் புதைத்து மண் போட்டிருப்பார்கள். அதைப் பாலம் என்று சொல்ல எனக்கே கூச்சம், ஆனாலும் சொன்னேன்.

அந்த ஊர்வலம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தேவையில்லை. பின்னால் ஒரு கூட்டமே வந்தது. ஒருவர் எங்கள் வீட்டுக் கிணற்றடிக் கல்லையும் பார்த்து இனம் சொல்லுங்கள் என்றார். நான் சிரிக்காமல், அது கல் பலகை இனம், இன்ஜின் ஏறக்கூடாது என்றேன்.

அது கேலிக்குச் சொன்னது என்றாலும் விஷயம் நிஜம். எங்கள் பக்கம் மலை முழுக்கக் கருங்கல். நீளமாகப் பிளந்து இரண்டு சுவர்மேல் போட்டால் பாலம். மாட்டு வண்டி நூறு வருஷம் போகும். ஆனால் பெரும் பாரம் ஏறினால் கருங்கல் பலகையைப் போல மோசக்காரன் கிடையாது. வளைவு என்றால் விரிசல் விட்டு முன்கூட்டிக் காட்டும். இரும்பு வளைந்து காட்டும். பலகைக் கல் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாகிவிடும். அதனால் பதிவேட்டில் பலகைக் கல் என்று எழுதிய எந்தப் பாலத்திலும் இன்ஜின் போகக்கூடாது.

டேனரித் தெரு முனைக்கு வந்தபோது மணி பத்து. பேகத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. டேனரிக் கிணற்றிலிருந்து ஆட்கள் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பாய் கீழே இறங்கி, கை கழுவிக்கொண்டு, ஓடைப் பாலத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கல்யாணத்துக்குக் கட்டின முகப்பு இன்னும் அப்டியே கீது பாருங்க சார்" என்றார்.

"என்ன கல்யாணம்?"

"இந்த டேனரி முதலாளி மகன் கல்யாணம். நானும் வந்திருந்தேன், ஒரு வகைல சொந்தம். மாப்பிள்ளை கார்ல ஊர்வலமா வர்றப்ப இந்தப் பாலம் அசிங்கமா தெரியக்கூடாதுன்னு, ரெண்டு பக்கமும் செங்கல் வெச்சு மஹால் மாதிரி முகப்பு கட்டி பெயிண்ட் அடிச்சாங்க. ஒரு வாரத்துல முடிச்சாங்க சார். பூ வேலையைப் பாருங்க!"

முகப்பு. இரண்டு பக்கமும் மட்டும். அப்படியென்றால் நடுவில் என்ன இருக்கிறது? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீ இறங்கிப் பார்க்கவில்லையா என்று அவர் கேட்பார். பாலத்துக்கு அந்தப் பக்கத்தில் சூப்பர்வைசர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். என் கையில் இருந்த பதிவேட்டில் 'ஆம்' இருந்தது.

பழைய பாலத்தை வளைவாகவே கட்டியிருக்கலாம், அதன்மேல் முகப்பு வைத்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாய் மேலே ஏறி உட்கார்ந்தார். "இன்னா பாலம் சார்?" என்று கேட்டார். நான் "வளைவு" என்றேன். கொடியைச் சுருட்டி ஆட்டவும் செய்தேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இன்ஜின் நகர்ந்தது. நான் பின்பக்கமாக நடந்துகொண்டே அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான் சொன்னபிறகு பார்க்க என்ன இருக்கிறது? தோளில் போட்ட துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தார். நிலக்கரி ஆள் குனிந்து கரி அள்ளிக்கொண்டிருந்தான். உள்ளே இருப்பது பலகைக் கல்லாக இருந்து அது உடைந்தால், இன்ஜின் மூக்கு குப்புற ஓடைக்குள் போகும். கொதிக்கிற தண்ணீரும் நெருப்பும் அந்த இரண்டு பேர் மேல்தான் விழும்.

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கி, கொடியை விரித்து இரண்டு கையாலும் தூக்கினேன். "நிறுத்துங்க! பாய், நிறுத்துங்க!" என்று கத்தினேன். என் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. பாய் பதறி நெம்புகோலை இழுத்தார். அந்த மாதிரி இன்ஜின் சட்டென்று நிற்காது. உருண்டு, உருண்டு, பாலம் ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"இன்னா சார், மாடு கீடு குறுக்க வந்துச்சா?"

பதிவேட்டை ரோட்டிலேயே போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றாமல்கூட ஓடைக்குள் இறங்கினேன். முழங்கால் வரைக்கும் வந்தது அந்தத் தண்ணீர். பாலத்துக்கு அடியில் நிழலில் ஒரு அம்மாள் குந்திக்கொண்டு கூடையில் ஆட்டு மயிர் அலசிக்கொண்டிருந்தாள். டேனரியில் தோலிலிருந்து வழித்த மயிரை அலசிக் காயவைப்பது பெண்களின் வேலை. அவள் என்னைப் பார்த்துப் பயந்து எழுந்துவிட்டாள்.

"ஏம்மா, மேல என்ன இருக்கு?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன்.

"பலகைக் கல்லு சாமி" என்றாள். "நடுவால கல்லு போன வருசமே வெடிச்சிருச்சு. நாங்கதான் பனங்கட்டை முட்டுக் குடுத்து வெச்சிருக்கோம். கீழ ஒக்காந்து வேலை பாக்குறோமே, தலைல வுழுந்துட்டா?"

ஆறு கருங்கல் பலகை. நடுப் பலகையின் குறுக்கே விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வெடிப்பு. அதற்கு அடியில் ஒரு பனங்கட்டை. வளைவு என்பது இரண்டு ஓரத்திலும் ஒரு செங்கல் கனத்துக்கு வைத்த பூச்சு, அவ்வளவுதான். நான் அந்தப் பனங்கட்டையைப் பிடித்துக்கொண்டேன். ஐயோ முருகா, நிறுத்தினேனே, நிறுத்தினேனே என்று வாய்விட்டுச் சொன்னேன். அழுகை வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. அந்த நாற்றத்துக்கு நடுவில் நான் இழுத்து விட்ட மூச்சைப் போல ஒரு மூச்சு அதற்குமுன் விட்டதில்லை.

"ஆபீஸ் ஆளு யாரும் இதுல எறங்கி நான் பார்த்ததில்ல சாமி. வுழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள் அவள். அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

மேலே ஏறி வந்தபோது சூப்பர்வைசர் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தார். கீழே கிடந்த பதிவேட்டை எடுத்துப் பிரித்து வைத்திருந்தார். என் வேட்டியைப் பார்த்தார். 'ஆம்' என்ற என் கையெழுத்தைப் பார்த்தார்.

"பலகைக் கல்லு சார்" என்றேன். "நடுக்கல்லு வெடிச்சிருக்கு. அன்னிக்கு நான் எறங்கல. பொய் எழுதிட்டேன்."

அவர் பதிவேட்டின் பக்கங்களைப் புரட்டினார். பிறகு, "இன்னும் எத்தினி?" என்று கேட்டார்.

"இன்னொண்ணு இருக்கு சார். சுடுகாட்டு ரோடு."

வேடிக்கை என்னவென்றால், இன்ஜின் இப்போது ஓடையைத் தாண்டிப் போக மிச்சமிருந்த ஒரே வழி அதுதான். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. குல்லாவைக் கழற்றி, தலையைத் தடவி, மறுபடியும் மாட்டிக்கொண்டார். நிலக்கரி ஆளைப் பார்த்து உருதுவில் ஏதோ சொன்னார். அவன் போய் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

சுடுகாட்டு ரோட்டுப் பாலத்தில் நானும் சூப்பர்வைசரும் இரண்டு பேருமே இறங்கினோம். அவர் பேண்ட்டை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு வந்தார். இது நிஜ வளைவு. கும்பினி காலத்துச் செங்கல், தலைக்கு மேலே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் முழுசாக வளைந்து போயிற்று. ஒவ்வொரு வரிசையாகக் கம்பியால் தட்டிப் பார்த்தோம். உள்ளே பொத்தல் என்று காட்டுகிற சத்தம் எங்கேயும் இல்லை. ஒரு இடத்தில் அரசங்கன்று வேர் விட்டிருந்தது. அதைப் பிடுங்கிப் பார்த்தோம், உள்ளே சுண்ணாம்பு இறுகியே இருந்தது.

"தாங்கும்" என்றார் சூப்பர்வைசர். மேலே வந்து பாயிடமும் சொன்னார்.

பாய் பாலத்தைப் பார்த்தார், சூப்பர்வைசரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "அங்கயும் தாங்கும்னுதானே சார் எழுதியிருந்துச்சு?" என்றார். குரலில் கோபம் இல்லை. "எனக்கு வூட்ல நாலு பொண்ணுங்க. பேஜாரா கீது சார். ஒண்ணு செய்யுங்க. நான் மேல வர்றேன். ஓவர்சியர் சார் கீழ நிக்கட்டும்."

"அதெல்லாம் கேக்கக்கூடாது பாய்" என்று சூப்பர்வைசர் ஆரம்பித்தார்.

"நிக்கிறேன் சார்" என்றேன்.

இறங்கிப் போய் வளைவுக்கு நேர் அடியில், தண்ணீருக்கு நடுவில் நின்றேன். வீட்டில் என் மனைவி மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருப்பாள் என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கத் தோன்றவில்லை. மேலே இன்ஜின் நெருங்குகிற சத்தம் கேட்டது. தண்ணீர் மேல் சின்னச் சின்ன அலை எழும்பிற்று. பிறகு தலைக்கு நேர் மேலே, எலும்புக்குள் நுழைகிற மாதிரி ஒரு அதிர்வு. சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று என் தலையில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அந்தச் சத்தம் நகர்ந்தது. நகர்ந்து, குறைந்து, நின்றது.

கண்ணைத் திறந்தேன். வளைவு இருந்த இடத்தில் இருந்தது. ஒரு செங்கல்கூட அசையவில்லை.

இன்ஜினை அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. கைப்பிடிச் சுவருக்கு மேலே ஒரு குல்லா தெரிந்தது. பாய் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு குனிந்து கத்தினார்.

"சார்! கீறீங்களா?"

"இருக்கேன் பாய்" என்றேன். "நீங்க?"